பதினான்கு ஏ பாரத்துக்கு மஞ்சள் வைத்த கதை

குளுவாங்
28 ஜூலை 2025

குமுதாவுக்கு,

இங்கு நலம். அங்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். உன் எண்ணை என் கைப்பேசியில் தடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அதைத் திறக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. காரியம் பெரியது என்பதால் தாளில் எழுதுகிறேன்.

செண்டாயான் வீடு. தோட்டத்தை மூடி நிலத்தை விற்றபோது, சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்குக் குறைந்த விலையில் வீடு கொடுத்தார்கள். நான் அங்கே கணக்கெழுதும் கிராணி, அதனால் கிடைத்தது. உன் வீட்டுக்காரர் தேவன் வெளியே லாரி ஓட்டியவர், அவருக்குக் கிடைக்கவில்லை. நான் ஜொகூருக்கு மாற்றலாகி வந்தபோது சாவியை உன் கையில் கொடுத்தேன். தவணை கட்டியது நீ, குடியிருப்பது நீ. பட்டாவில் மட்டும் இன்னும் என் பெயர்.

இப்போது குளுவாங்கில் மலிவு விலை வீட்டுக்கான குலுக்கலில், ஒன்பது வருடம் காத்திருந்து, என் பெயர் விழுந்திருக்கிறது. தரைத்தள வீடு. உன் அண்ணி செல்லத்தின் முட்டி உனக்குத் தெரியும். நாங்கள் வாடகைக்கு இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் கீழே இறங்குவது வாரத்துக்கு ஒருமுறை. நவம்பர் 14க்குள் என் பெயரில் வேறு வீடு இல்லை என்று காட்டினால்தான் அந்த வீடு. காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பெயரை மாற்றிக்கொள் என்று இதற்கு முன் மூன்று முறை சொன்னேன். ஒருமுறை ஆடி என்றாய். ஒருமுறை ஏழரைச் சனி என்றாய். மூன்றாம் முறை பூனை குட்டி போட்டிருக்கிறது என்றாய். பூனைக்கும் பட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் எதையும் கேட்கவில்லை. வீட்டை எடுத்துக்கொள். என் பெயரை விட்டுவிடு.

அமிர்தலிங்கம்


செண்டாயான்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து ஏதோ கிளினிக்கிலிருந்து வந்த மருந்துச் சீட்டு என்று அண்ணியிடம் கொடுத்துவிடாதீர்கள். பேனா பிடித்து வருடக் கணக்காகிறது. தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பஞ்ச் கார்டு தட்டினேனே தவிர, ஒரு வரி எழுதியதில்லை.

தரைத்தள வீடு விழுந்த செய்தி படித்து சந்தோஷப்பட்டேன். சத்தியமாக. பக்கத்து வீட்டுப் பஞ்சாலையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் மூலமாக மொத்த ஜாலானுக்கும், தெருக்கோடி வரை, தெரிந்துவிட்டது. நானே சொல்லியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் பரவியிருக்காது என்று சொல்ல ஆசைதான், ஆனால் பாதி வீட்டுக்கு நானும்தான் போய்ச் சொன்னேன்.

இந்த முறை பூனையும் இல்லை, சனியும் இல்லை. மறுநாளே தெமியாங்கில் இருக்கிற லாயர் சசிதரனிடம் போய்விட்டேன். லாயர் தம்பி நல்ல பிள்ளை, ஆனால் ஆபீஸை நடத்துவது அவரல்ல. ரஜியா என்று ஒரு கிளார்க் பெண். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், கணீரென்று பேசுவாள். லாயர் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "பாஸ், அது நான் பாத்துக்கறேன்" என்று மூடிவிடுவாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

அவள் சொன்னது: இது குறைந்த விலை வீடு என்பதால் பெயர் மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். அதற்கு மனுப் போட்டாயிற்று. பிறகு பதினான்கு ஏ என்று ஒரு பாரம். கொடுப்பவர் நீங்கள், வாங்குபவள் நான். நீங்கள் அங்கே ஒரு லாயர் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். அப்புறம் மதிப்பீடு, முத்திரை வரி, கடைசியாக நில அலுவலகம். பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

ஆடியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? காலண்டரைப் பார்த்தபோது ஆகஸ்டு பதினாறோடு ஆடி முடிகிறது என்று கண்ணில் பட்டது. சும்மா எழுதி வைத்தேன்.

அண்ணியின் முட்டிக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள்.

குமுதவல்லி


குளுவாங்
19 ஆகஸ்ட் 2025

குமுதாவுக்கு,

பாரத்தில் கையெழுத்துப் போட்டு, லாயர் சாட்சிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மடிக்கவில்லை. இருபுறமும் அட்டை வைத்திருக்கிறேன். நீயும் மடிக்காதே.

ஆடி முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அது செல்லம் சொன்னதால். உனக்காக அல்ல.

இனி யாரும் என் பெயரை அந்த வீட்டோடு சேர்த்துப் பேச வேண்டியதில்லை. அதுவே எனக்குப் போதும்.

அமிர்தலிங்கம்


செண்டாயான்
4 அக்டோபர் 2025

அண்ணே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். அண்ணியை முதலில் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அனுமதி வந்துவிட்டது. மதிப்பீடு வந்துவிட்டது. முத்திரை வரி கட்டியாயிற்று. பாரத்தை நில அலுவலகத்தில் கொடுப்பது மட்டும்தான் பாக்கி இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது.

ரஜியாவிடம் கெஞ்சினேன். "ஒரு நாள் சாமிகிட்ட வச்சிட்டு எடுத்தாந்துடறேன்மா."

"அக்கா, பாஸ் கேட்டா நான் ஒண்ணும் பாக்கலைலா. பத்திரமா வைங்க, அவ்வளவுதான்."

பத்திரமாகத்தான் வைத்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால், என் வீட்டுக்காரரின் பழைய லாரி சாவிக்குப் பக்கத்தில். மடிக்கவே இல்லை. ஆனால் அண்ணே, மஞ்சள் வைக்காமல் நம் வீட்டிலிருந்து எந்தப் புதுத் தாள் வெளியே போயிருக்கிறது? கல்யாணப் பத்திரிகைக்கு வைத்தோம். மகள் புனிதாவின் பள்ளிக்கூடப் பாரத்துக்கு வைத்தோம். அவரது லாரி லைசென்ஸுக்குக்கூட அம்மா வைத்தாள். இது வீடாயிற்றே, வைக்காமல் இருக்க முடியுமா?

நான் வைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வருடம் திரும்பவில்லை, என் கையால் வேண்டாம் என்று பஞ்சாலையைக் கூப்பிட்டேன். அவள் கஞ்சத்தனமே தெரியாத மனுஷி. கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, நாலு மூலைக்கும் நாலு வைத்தாள். போதும் என்று நான் சொல்வதற்குள், "நடுவுல ஒண்ணு வச்சாதாங்கா வீடு நெலைக்கும்" என்று கட்டைவிரலால் பெரிதாக ஒன்று அழுத்தினாள். அதன்மேல் குங்குமம். அது சரியாகப் பட்டா எண் அச்சடித்திருந்த இடம். எனக்கும் அப்போது அழகாகத்தான் தெரிந்தது.

நேற்று நில அலுவலகம். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண்மணி. பாரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். மோந்து பார்த்தார்.

"குஞ்ஞிட்?"

ஆமாம் புவான், மஞ்சள்தான், சாமி கும்பிட்டது என்றேன்.

"காக், இனி போராங். புக்கான் ஈக்கான்."

இது பாரமாம். பொரிக்கப்போகிற மீன் இல்லையாம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் வாய் அப்படி, யாரைக் கேலி செய்தாலும் சேர்ந்துகொள்ளும். வெளியே வந்து மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில்தான் அழுதேன்.

"அழிச்சா கிழிஞ்சிடும். வெள்ளை மை பூசினா தள்ளிடுவாங்க. புதுசா டைப் பண்ணி, ரெண்டு பேரும் திரும்பக் கையெழுத்துப் போடணும்கா" என்கிறாள் ரஜியா. முத்திரை வரிச் சான்று தனித் தாள், அது தப்பித்தது.

புதுப் பாரம் இதற்குள் இருக்கிறது. நவம்பர் 14க்கு ஆறு வாரம்கூட இல்லை. உங்கள் தரைத்தள வீட்டுக்கு நான் எமனாகிவிடுவேனோ என்று காலண்டரையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு முறை போட்டுத் தாருங்கள் அண்ணே. இந்த முறை சாமிக்குக்கூடக் காட்டமாட்டேன்.

குமுதா


குளுவாங்
9 அக்டோபர் 2025

குமுதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. செல்லம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் கிராணியாக இருந்தவன் நான். என் மேசையிலிருந்து போன ஒரு தாள்கூடத் திரும்பி வந்தது கிடையாது.

முதல் முறை எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் முறை கேட்டுவிட்டுத்தான் போடுவேன். நாள் குறைவு என்பது தெரியும். தாமதித்தால் இழப்பு எனக்குத்தான் என்பதும் தெரியும். இருந்தாலும் பதில் வராமல் பேனாவைத் தொடமாட்டேன்.

புனிதாவின் கல்யாணம். நான் தாய்மாமன். சீர்த்தட்டு வைத்துவிட்டு, முதல் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தேன். உன் கொழுந்தன் ஹேமநாதன் எதிரே வந்து நின்றான். இருநூறு பேர் கேட்கும்படி, "தங்கச்சி வீட்டை அமுக்கி வச்சிக்கிட்டு எப்படி மாமா சோறு எறங்குது?" என்றான்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ பாயச வாளியோடு மூன்று இலை தள்ளி நின்றாய். எல்லாவற்றையும் கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை. நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். தேவன் சாவுக்கு வந்தபோதும் உன் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். கூடாரத்துக்கு வெளியே நின்றுவிட்டுப் போனேன்.

மூன்று முறை எடுத்துக்கொள் என்று சொன்ன நான் எப்படி அமுக்கியவன் ஆனேன்? உன் வாய் தோட்டத்துக்கே தெரியும். வேலை ஏவும் மண்டோர் முன்னால்கூட மூடாத வாய் அது. அன்றைக்கு மட்டும் ஏன் மூடியது?

அமிர்தலிங்கம்


செண்டாயான்
13 அக்டோபர் 2025

அண்ணே,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டு இது நான்காவது. வேடிக்கையாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

உங்களை அமுக்கியவர் ஆக்கியது நான்தான்.

அவரை உங்களுக்குத் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டியதே கிடையாது. ஒரே ஒரு வியாதி: நாளைக்குப் பெரிய ஆள் ஆகிவிடுவோம் என்பது. இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் வருடம் பறவைக்கூடு. ஒரு கட்டடம் வாங்கி, ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் போட்டால் குருவி தானாக வந்து கூடு கட்டுமாம், சூப்பு வைக்கச் சீனர்கள் வாங்கும் அந்தக் கூட்டை விற்றால் பென்ஸ் கார் வாங்கலாமாம். அதற்கு வீட்டை விற்க வேண்டும். ஒரு புரோக்கர் வந்து ஹாலை அளந்துகொண்டே இருக்கிறான். நான் அடுப்படியில் நின்றேன். என்ன சொல்லித் தடுப்பது? வாயில் வந்தது இதுதான்: "வீடு அண்ணன் பேர்ல இருக்கு. அவர் கையெழுத்துப் போடமாட்டாராம். கேட்டுப் பாத்துட்டேன்."

உங்களிடம் நான் கேட்கவே இல்லை. புரோக்கர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனான். வீடு தப்பித்தது. எனக்கு ருசி கண்டுவிட்டது.

அப்புறம் வாசனை மரம் வந்தது, அகில் நட்டால் பத்து வருடத்தில் கோடீஸ்வரராம். அண்ணன் விடமாட்டேன் என்கிறார் என்றேன். அப்புறம் கெளுத்தி மீன் தொட்டி. அண்ணனிடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன் என்றேன். ஒவ்வொரு முறையும் உங்களை இன்னும் கொஞ்சம் கல்நெஞ்சக்காரர் ஆக்கினேன். எனக்குத்தான் கதை சொல்ல வருமே, நடித்தும் காட்டினேன். அவர் உங்களைத் திட்டிக்கொண்டே தூங்கிவிடுவார். நான் கூரையைப் பார்த்து, இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் எடுத்துக்கொள் என்றபோதெல்லாம் ஆடி, சனி, பூனை என்று உளறியது அதனால்தான். என் பெயருக்கு வந்திருந்தால் ஒரே வாரத்தில் இந்த வீடு குருவிக்கோ மீனுக்கோ போயிருக்கும். அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வராது. வீட்டுக்கு உங்கள் பெயர்தான் பூட்டு.

அவர் தம்பியிடம் புலம்பினார். தம்பி கல்யாணத்தன்று வெளியே காரில் ரெண்டு பீர் போட்டுவிட்டு வந்து பேசிவிட்டான். அப்போது மீன் தொட்டிப் பேச்சு சூடாக இருந்த நேரம். "அண்ணன் மேல் தப்பில்லை" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாள் காலையில் அவர் உங்களை லாயர் வீட்டுக்கு இழுத்துப் போயிருப்பார். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இலையை மூடியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் எத்தனை பேருக்குப் பாயசம் ஊற்றினேன் என்று எனக்கே தெரியாது.

அவர் போனபிறகு சொல்லியிருக்கலாம். செத்தவரைக் குறை சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று தள்ளிப்போட்டேன். அது ஒரு சாக்கு. நிஜம் என்னவென்றால், என் பெயர் கெட்டுவிடும் என்று பயம். உங்கள் பெயர் கெட்டபோது எனக்கு வராத பயம்.

இதைப் படித்துவிட்டுப் பாரத்தைக் கிழித்துப் போட்டாலும் நான் கேட்கமாட்டேன். ஆனால் அண்ணிக்குத் தரைத்தள வீடு வேண்டும். அதற்காகவாவது போடுங்கள்.

குமுதா


குளுவாங்
17 அக்டோபர் 2025

குமுதாவுக்கு,

பாரம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். தீபாவளிக் கூட்டத்தில் தபால் தாமதமாகும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய்யான பதிவு. பேனாவை மூடி அலமாரியில் வைத்தேன். மறுநாள் செல்லம் கேட்டாள்: "ஒங்க தங்கச்சி ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். நானே தேவனுக்குப் போன் போட்டு, "முடியாதுய்யா, என் வீடு, போ" என்று கத்தியிருப்பேன். நீ சொன்னதைவிட நன்றாகவே செய்திருப்பேன். எனக்குத் தெரியாமல் எனக்கு அந்த வேஷத்தைப் போட்டுவிட்டாய். அதுதான் வலிக்கிறது, மற்றது இல்லை.

பதினேழு வருடம் ஒரு வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறேன் என்று இன்றுதான் தெரிகிறது. தாளில் வெறும் பெயராக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குருவிச் சத்தம் போட்டால் நிஜமாகவே குருவி வருமா? செல்லம் கேட்கிறாள்.

அண்ணன்


செண்டாயான்
7 நவம்பர் 2025

அண்ணே!

இதோடு இருக்கும் தாளை முதலில் பாருங்கள். தேடல் சான்று. பட்டாவில் உங்கள் பெயர் இல்லை. சுத்தமாக இல்லை. அண்ணியிடம் காட்டுங்கள்.

பாரத்தை நான் தொடவே இல்லை. கூரியர் நேராக ரஜியாவிடம் போயிற்று. அவள் மேசையில் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் இன்னொரு முனையில் கையெழுத்துப் போட்டேன். "விரல்ல ஒண்ணும் இல்லையேக்கா?" என்று கையைத் திருப்பிப் பார்த்தாள். பஞ்சாலையைத் தெமியாங் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று நில அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பட்டாவை வாங்கினேன். என் பெயர், என் ஐ.சி. அடையாள அட்டை எண். ஐம்பத்தைந்து வயதில் ஒரு தாள் என்னை வீட்டுக்காரி என்கிறது. மோட்டாரில் நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே செத்துப்போயிருப்பான்.

இன்னொன்று. போன மாதம் இருபத்தாறாம் தேதி அவருக்கு வருடத் திதி. எல்லாரும் வந்திருந்தார்கள். இலை போட்டு, சோறு பரிமாறி, யாரும் எழுந்து போக முடியாத நேரம் பார்த்து நடுவில் நின்று சொன்னேன். பறவைக்கூட்டிலிருந்து மீன் தொட்டிவரை, ஒன்றுவிடாமல். நீங்கள் மூன்று முறை எடுத்துக்கொள் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். கெட்ட மனுஷன் இல்லை, கனவு கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

ஹேமநாதன் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தான். "அண்ணி, அப்ப ரெண்டு வருஷமா அந்த மனுஷன நான் திட்டுனது?"

"அத்தனையும் வீண்தான் தம்பி. என்னைத் திட்டு."

"எங்க அண்ணன் வீட்டை வித்துருவாருன்னா நெனச்சீங்க?" குரல் கொஞ்சம் ஏறியது. எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவனே படத்துப் பக்கம் திரும்பினான். அப்புறம், "வித்துருப்பாருலா அண்ணி. அந்தத் தொட்டிக்கு என் மோட்டாரையே கேட்டாரு" என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. பந்தி முழுக்க அதே நிலைமைதான்.

உங்கள் எண்ணை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கூப்பிட்டால் எடுங்கள். சீக்கிரம் வைக்கமாட்டான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு ஊரில் கெட்ட பெயர் வந்துவிட்டது. புருஷனுக்கே கதை விட்டவள் என்று ஒரு அத்தை இன்னும் பேசவில்லை. பரவாயில்லை, அத்தை பேசாமல் இருப்பது வீட்டுக்கு நல்ல அமைதி.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஓடுங்கள்.

தங்கச்சி


குளுவாங்
13 நவம்பர் 2025

அன்புள்ள குமுதாவுக்கு,

ஹேமநாதன் கூப்பிட்டான். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் மன்னிப்பு, மிச்சம் அவன் சர்க்கரை வியாதி.

நேற்று காலை வீடமைப்பு அலுவலகத்துக்குப் போனோம். செல்லமும் வந்தாள். மூன்று மாடியை இறங்க இருபது நிமிடம். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சான்றைக் கொடுத்தேன். அதிகாரி கணினியில் என் பெயரைத் தட்டி, இரண்டு முறை பார்த்தார். பிறகு ஒரு பாரத்தை நீட்டினார். அதில் ஒரு கேள்வி: விண்ணப்பதாரர் பெயரில் சொந்த வீடு உண்டா?

பேனாவை எடுத்தேன். பதினேழு வருடமாக நேர்மையாக "உண்டு" என்று எழுதிவந்த கேள்வி அது. "இல்லை" என்று எழுதினேன். எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கமுடியவில்லை. செல்லம் என் முழங்கையை இடித்தாள், அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி சின்னப் பையன். பாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பாக்சிக், அறுபது வயசாகுது, ஒரு வீடுகூட இல்லைன்னு எழுதிட்டு ஏன் சிரிக்கிறீங்க?" என்று மலாயில் கேட்டான்.

"இதை எழுதத்தான் இவ்வளவு நாளாச்சு" என்றேன்.

சாவி தை பிறந்ததும். பால் காய்ச்ச நீ வரவேண்டும்.

உன் அண்ணன்